‘கீழக்கரை’ என்று தட்டினால் ‘கீழக்கரையில்’ என்று விழுவது ஏன்?

தேவிபட்டினத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மனு தட்டச்சு செய்து கொடுக்கும் சகோதரி கேட்டிருக்கிறார்: லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் ஒரு சொல்லின் முதல் ஓரிரு எழுத்துகளைத் தட்டியதுமே கணினி மீதியைத் தானாகக் காட்டுகிறது. முகவரியின் கடைசி வரியில் ‘கீழக்கரை’ என்று தட்டி என்டர் அழுத்தினால் அது ‘கீழக்கரையில்’ என்று மாறிவிடுகிறது, அடுத்த வரிக்கும் போவதில்லை. இது வைரஸா, மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. “அந்த வசதியை அணைத்துவிடுங்கள்” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வியின் முடிவில் அவர், “நீளமான சொற்களுக்கு அது உதவியாகவும் இருக்கிறது” என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே அவர் உண்மையில் கேட்பது, வேண்டாத சொல் மனுவுக்குள் நுழையாமல் வேண்டிய உதவியை மட்டும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்பது. இருக்கிறது. அதற்கு முன் கணினி எதை, எந்தக் கணக்கில் செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ராமநாதபுரத்தில் தட்டச்சும் டி.டி.பி.யும் செய்து, பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: இது வைரஸ் இல்லை. ரைட்டரில் ‘வேர்டு கம்ப்ளீஷன்’ என்றொரு வசதி இருக்கிறது. திறந்திருக்கும் கோப்பில் உள்ள நீளமான சொற்களை அது ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொண்டே போகும். பிறகு அதே தொடக்கத்தோடு நீங்கள் ஒரு சொல்லைத் தட்டும்போது பட்டியலில் இருப்பதை எடுத்து நீட்டும். நீங்கள் தொடர்ந்து தட்டிக்கொண்டே போனால் அது விலகிவிடும். என்டர் அழுத்தினால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும். இந்தக் கடைசி விதியில்தான் உங்கள் சிக்கல் முழுவதும் இருக்கிறது. நீங்கள் என்டர் அழுத்தியது வரியை முடிக்க; கணினி அதைச் சம்மதம் என்று படிக்கிறது. பரிந்துரை திரையில் தோன்றுவதால் மட்டும் யாருக்கும் கெடுதல் இல்லை. சம்மதத்துக்கும் வரி முடிவுக்கும் ஒரே விசை இருப்பதுதான் கெடுதல்.

தமிழில் இது ஆங்கிலத்தைவிட அதிகமாகத் தொந்தரவு தருவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பட்டியலில் சேர ஒரு சொல்லுக்குக் குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்பது மென்பொருளோடு வரும் அமைப்பு. எட்டு எழுத்து என்றதும் நமக்குப் பெரிய சொல்லாகத் தோன்றுகிறது. ஆனால் இன்று கணினியில் தமிழ் எழுத்துகள் பதிவாகும் யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘கீ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ககரமும் ஈகாரக் குறியுமாக இரண்டு. ‘க்’ என்பதும் அப்படியே இரண்டு. இந்தக் கணக்கில் ‘கீழக்கரை’ ஐந்து எழுத்தாக இல்லாமல் எட்டாகிவிடுகிறது, பட்டியலுக்குள் போய்விடுகிறது. ‘பாம்பன்’ ஏழில் நின்றுவிடுகிறது, அது போகாது. ‘தொண்டி’ ஆறுதான், ஆனால் ‘தொண்டியில்’ பத்து. ஊர்ப் பெயர் உள்ளே போகாமல், உருபேற்ற வடிவம் மட்டும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் சில ஊர்ப் பெயர்களுக்கு மட்டும் பரிந்துரை வந்து, சிலவற்றுக்கு வராமல், கணினிக்குப் பித்துப் பிடித்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது ஒழுங்காக எண்ணுகிறது, நாம் எண்ணாத முறையில்.

பரிந்துரை தோன்றத் தேவையான எழுத்துகள் மூன்று என்று சொல்வார்கள். அதற்கும் இதே கணக்குதான். ‘கீழ’ என்று இரண்டு எழுத்தைத் தட்டியதுமே மூன்று ஆகிவிடுகிறது. ‘தங்’ என்பதும் மூன்று. ஆகவே தமிழில் பரிந்துரை நாம் எதிர்பார்ப்பதற்கு முன்பே குறுக்கே வந்துவிடுகிறது.

இனி, ஏன் சரியாகக் ‘கீழக்கரை’யில் மாட்டிக்கொண்டீர்கள், ஏன் ‘ராமேஸ்வரம்’ என்று முகவரியை முடிக்கும்போது இப்படி நடப்பதில்லை என்பதையும் பார்த்துவிடலாம். இந்தக் கடற்கரையின் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டி, ஏர்வாடி, கீழக்கரை, உச்சிப்புளி, தனுஷ்கோடி, திருப்பாலைக்குடி ஆகியவை உயிரோசையில் முடிபவை. இவற்றோடு உருபு சேரும்போது முதல் சொல் சிதைவதில்லை; பின்னால் ‘யில்’, ‘க்கு’, ‘யிலிருந்து’ என்று ஒட்டிக்கொள்கிறது. எனவே ‘ஏர்வாடி’ என்பது ‘ஏர்வாடியிலிருந்து’ என்பதன் தொடக்கமாக அப்படியே இருக்கிறது. மனுவின் உடலில் ஒருமுறை ‘ஏர்வாடியிலிருந்து’ என்று தட்டியிருந்தால், கீழே ‘இடம்: ஏர்வாடி’ என்று தட்டி முடித்த பிறகும் கணினி அந்த நீண்ட வடிவத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். என்டர் அழுத்தினீர்கள், அது விழுந்துவிடும்.

மண்டபம், ராமேஸ்வரம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், ராமநாதபுரம் ஆகியவை மகரத்தில் முடிபவை. இவை உருபேற்கும்போது மகரம் போய் அத்துச் சாரியை வந்துவிடும்: மண்டபத்தில், ராமேஸ்வரத்திற்கு. ‘ராமேஸ்வரம்’ என்று முழுதாகத் தட்டிவிட்டால் ‘ராமேஸ்வரத்தில்’ என்ற வடிவம் அதோடு பொருந்தாது, பரிந்துரை விலகிவிடும். ‘பாம்பன்’ போலப் புள்ளியில் முடிபவையும் பெரும்பாலும் தப்பிவிடும். ‘பாம்பனில்’ என்ற வடிவத்தில் அந்தப் புள்ளி இருப்பதில்லை. ஆனால் ‘மீனவர்’ தப்பாது. ‘மீனவர்கள்’, ‘மீனவர்களுக்கு’ இரண்டும் ‘மீனவர்’ என்ற வடிவத்தை அப்படியே உள்ளே வைத்திருப்பவை. ‘தொழில்: மீனவர்’ என்று வரியை முடித்தால் ‘தொழில்: மீனவர்கள்’ என்று வந்து நிற்கும். மனுதாரர் ஒருவர், மனுவில் பன்மை. எங்கள் சென்டருக்குத் திருத்தக் கொண்டுவரப்படும் மனுக்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவு என்று அதைச் சொல்லிவிடுவது நியாயம் இல்லை.

மகர ஈற்றுச் சொற்களில் சிக்கல் வேறு விதமானது. ‘ராமநா’ என்றதும் ‘ராமநாதபுரம்’ என்று நீட்டும். நீங்கள் எழுத வேண்டியது ‘ராமநாதபுரத்தைச் சேர்ந்த’. ஏற்றுக்கொண்டால் கடைசி ‘ம்’ என்பதை அழித்துவிட்டு ‘த்தைச்’ என்று தட்ட வேண்டும். மிச்சமாகும் நேரம் அதிலேயே போய்விடும். முழுச் சொல்லை அப்படியே எடுத்து நீட்டும் முறை, சொல் பெரும்பாலும் மாறாமல் வரும் மொழிகளுக்குப் பொருந்துகிற அளவுக்கு, உருபும் சாரியையும் ஏறும் தமிழுக்குப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து.

சரி, என்ன செய்வது? ரைட்டரில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, டூல்ஸ் பட்டியலில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறங்கள். அதில் வேர்டு கம்ப்ளீஷன் என்ற பக்கம் இருக்கும். ‘அக்செப்ட் வித்’ என்ற இடத்தில் என்டர் என்று இருப்பதை எண்ட் விசைக்கு மாற்றிவிடுங்கள். இது ஒன்றே உங்கள் தொல்லையின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். என்டர் இனி வரியை மட்டும் முடிக்கும். பரிந்துரை வேண்டும்போது எண்ட் விசையை வேண்டுமென்றே அழுத்த வேண்டியிருக்கும். அங்கே ஸ்பேஸ், டேப், வலது அம்புக்குறி ஆகியவையும் இருக்கும். ஸ்பேஸ் விசையைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் அதை அழுத்துகிறோம், இப்போதிருக்கும் கேடு பல மடங்காகும். டேப் விசையை முகவரியை உள்தள்ளவும் கட்டங்களுக்குள் நகரவும் பயன்படுத்துகிறோம். லேப்டாப்பில் எண்ட் விசைக்கு இரண்டு விரல் தேவைப்பட்டால் வலது அம்புக்குறியை வைத்துக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் குறைந்த சொல் நீளம் என்ற எண் எட்டு என்று இருக்கும். அதைப் பதின்மூன்றாக்கிப் பாருங்கள். ‘கீழக்கரையில்’ கணினிக் கணக்கில் பன்னிரண்டு. அது வெளியே நின்றுவிடும். ‘ஆட்சித்தலைவர்’, ‘விண்ணப்பதாரர்’, ‘வாழ்வாதாரத்தை’ ஆகியவை பதின்மூன்று. இவை உள்ளே இருக்கும். நீங்கள் உதவியாக இருக்கிறது என்று சொன்னது இவற்றைத்தான் என்று நினைக்கிறேன். இது முழுத் தீர்வு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஏர்வாடியிலிருந்து’ பதினேழு, அது இந்த வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். ‘மீனவர்களுக்கு’ சரியாகப் பதின்மூன்று, அதுவும் வரும். ஆகவே எண்ணை மட்டும் மாற்றிவிட்டு என்டரை அப்படியே விட்டுவிடாதீர்கள். விசையை மாற்றுவது முதல் வேலை. நீளத்தை மாற்றுவது அதற்குப் பிறகு.

அங்கே பட்டியலும் கண்ணுக்குத் தெரியும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து ‘டெலீட் என்ட்ரி’ அழுத்தினால் அது மட்டும் போய்விடும். பிழையாகத் தட்டிய சொல் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் இங்கேதான் களைய வேண்டும். தானியங்கி எழுத்துப்பிழைச் சோதனை இயக்கத்தில் இருந்தால், அந்தச் சோதனை ஏற்றுக்கொள்ளும் சொற்களை மட்டுமே பட்டியல் சேர்க்கும் என்பது இந்த மென்பொருளின் விதி. தமிழ் அகராதியை நிறுவி, உரையின் மொழியையும் தமிழ் என்று வைத்திருந்தால் பிழையான சொற்கள் சேர்வது குறையும். ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் அகராதிகள் எல்லாம் அறிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டியல் எவ்வளவு காலம் இருக்கும் என்பது உங்களைப் போல ஒரே நாளில் பலருக்கு மனு எழுதுபவர்களுக்கு மிக முக்கியம். கோப்பை மூடும்போது அதிலிருந்து சேர்த்த சொற்களை நீக்கிவிடு என்று ஒரு தெரிவு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அது குறியிடப்படாமல் இருந்தால், ஒருவருடைய மனுவில் வந்த சொற்கள் லிப்ரே ஆபிஸை முழுவதுமாக மூடும் வரை அடுத்தவருடைய மனுவிலும் எட்டிப்பார்க்கும். ‘அந்தோணியம்மாள்’ என்ற பெயர் காலையில் ஒரு மனுவில் வந்திருந்தால், மதியம் ‘அந்தோணி’ என்ற பெயரில் வரியை முடிக்கும்போது காத்துக்கொண்டிருக்கும். பெயர் மாறுவது ஒரு கேடு. இன்னொன்றும் உண்டு. மனு எழுதக் கொடுப்பவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பு வந்து போனவரின் பெயரோ ஊரோ அவர் கண்ணில் படுவது சரியில்லை. இந்தக் கடற்கரையில் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் குறைவு. குடும்ப வழக்கு, கடன், அடகு என்று மனுக்களில் என்னவெல்லாமோ இருக்கும். அந்தத் தெரிவை அவசியம் குறியிட்டு வையுங்கள். ஒருவர் மனு முடிந்ததும் அவர் கோப்பை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பழைய மனுவின் மேலேயே பெயரை மட்டும் மாற்றித் தட்டும் வழக்கத்தில் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது.

நீளமான சொற்களுக்கு உதவி வேண்டும் என்றால், கணினி ஊகிப்பதைவிட நாமே சொல்லிவைப்பது மேல். ரைட்டரில் ஆட்டோடெக்ஸ்ட் என்ற வசதி இருக்கிறது. ‘மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை’ என்று ஒருமுறை தட்டி, அதைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையோடு எஃப்3 அழுத்தி, ‘மீவ’ என்று சுருக்கம் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். பிறகு ‘மீவ’ என்று தட்டி எஃப்3 அழுத்தினால் முழுப் பெயரும் வந்துவிடும். எஃப்3 அழுத்தாத வரை எதுவும் நடக்காது. இதில் ஊகமே இல்லை. ஊர்ப் பெயர்களுக்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்று உண்டு. மகரத்தில் முடியும் பெயர்களை இரண்டு வடிவங்களாகச் சேமிக்கச் சொல்வேன்: ‘ராபு’ என்றால் ‘ராமநாதபுரம்’, ‘ராத்’ என்றால் ‘ராமநாதபுரத்’ என்ற அரைச் சொல். இரண்டாவதை வரவழைத்துவிட்டு ‘தில்’, ‘திற்கு’, ‘தைச்’ என்று வேண்டியதைத் தட்டிக்கொள்ளலாம். தங்கச்சிமடத், மண்டபத், ராமேஸ்வரத் என்று நான்கைந்தை இப்படிச் சேர்த்துவிட்டால் அழித்துத் திருத்தும் வேலையே இருக்காது. உயிரில் முடியும் பெயர்களுக்கு ஒரே வடிவம் போதும். உருபைப் பின்னால் தட்டிவிடலாம்.

ஆட்டோடெக்ஸ்ட் சாளரத்திலும் ஒரு குறிப்பு உண்டு. தட்டும்போதே பெயரின் மீதியைப் பரிந்துரையாகக் காட்டு என்ற தெரிவு அங்கே இருக்கிறது. அதற்கும் சம்மத விசை என்டர்தான். வேர்டு கம்ப்ளீஷனை முழுவதுமாக அணைத்த பிறகும் பரிந்துரை வருகிறது என்று சிலர் திகைப்பது பெரும்பாலும் இதனால்தான். அந்தக் குறியையும் எடுத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது நீங்கள் விவரித்த அறிகுறி ரைட்டருடையது என்று எடுத்துக்கொண்டு சொன்னது. ஆனால் உங்கள் கேள்வியில் பரிந்துரை எந்த வடிவில் வருகிறது, எந்த விசைப்பலகையில் தட்டுகிறீர்கள் என்பது இல்லை. அதனால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நோட்பேடைத் திறந்து அதே சொல்லைத் தட்டுங்கள். அங்கே எதுவும் தோன்றாவிட்டால் பரிந்துரை ரைட்டருடையது. மேலே சொன்னது போதும். நோட்பேடிலும் தோன்றினால் அது விண்டோஸிலிருந்தோ தட்டச்சு மென்பொருளிலிருந்தோ வருகிறது. ரைட்டரில் எதை மாற்றினாலும் போகாது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங் என்று போனால் விசைப்பலகையில் தட்டும்போது பரிந்துரை காட்டும் தெரிவு இருக்கும்; அணைத்துவிடலாம். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையில் தட்டுகிறீர்கள் என்றால் பரிந்துரைப் பெட்டி அந்த முறையின் ஒரு பகுதி. மனு எழுதுவதே தொழில் என்றால் தமிழ்99க்கு மாறிவிடுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற விசைப்பலகை அது. சொல்லை ஊகித்து மாற்றும் வேலை அதில் இல்லை.

உங்கள் சென்டரில் இன்னும் பாமினி எழுத்துருவில் பழைய மனு மாதிரிகள் இருந்தால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பாமினி யூனிகோடு இல்லை. திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. அதில் அகரமும் ஆகாரமும் ஒரே விசையின் சிறிய, பெரிய எழுத்துகள்; எகரமும் ஏகாரமும் அப்படியே; உகரமும் ஊகாரமும் அப்படியே. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் வசதி வேர்டிலும் ரைட்டரிலும் இருக்கிறது. அது இயங்கினால் வாக்கியத்தின் தொடக்கத்தில் நீங்கள் தட்டிய ‘என் கணவர் கடலுக்குச் சென்றார்’ என்பது ‘ஏன் கணவர் கடலுக்குச் சென்றார்’ என்று ஆகிவிடும். ‘அவர்’ என்பது ‘ஆவர்’ என்று ஆகிவிடும். இங்கே பரிந்துரைப் பெட்டி எதுவும் வராது, சம்மதம் கேட்காது, பிழைச் சோதனை இடும் சிவப்புக் கோடும் நம்பத்தக்கதாக இருக்காது. ஆகவே இது வேர்டு கம்ப்ளீஷனைவிட ஆபத்தானது. ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்துவது ஆகிய இரண்டையும் அணைத்துவிடுங்கள். மாறியதை உடனே பார்த்துவிட்டால் கண்ட்ரோல் இசட் ஒருமுறை அழுத்தினால் நீங்கள் தட்டியது திரும்பும். தமிழ்நாட்டு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பழைய மாதிரிகளை மெல்ல மெல்ல மாற்றிவிடுவதே நல்லது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் வேலை செய்யும் நாட்களுக்காகச் சுருக்கமாக: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போனால் எடிட்டிங் பகுதியில் இரண்டு தெரிவுகள் கிடைக்கும். ஒன்று ஆட்டோகம்ப்ளீட் பரிந்துரைகளைக் காட்டுவது. தேதி, மாதம், சேமித்து வைத்த தொடர்கள் ஆகியவற்றுக்கு அது வரும், என்டர் அழுத்தினால் ஏற்கும். மற்றது புதிய பதிப்புகளில் வந்திருக்கும் உரைக் கணிப்பு. சாம்பல் நிறத்தில் அடுத்த சொல் தெரியும், டேப் அழுத்தினால் விழும். இரண்டையும் தனித்தனியாக அணைக்க வேண்டும்.

எக்செல் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மனு எழுதும் மேசையிலேயே பெயர்ப் பட்டியலும் தயாராகும் என்பதால் சொல்லாமல் விட முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதையொட்டி நிவாரணப் பட்டியல்கள் தட்டச்சாகும். எக்செல்லில் ஒரு நெடுவரிசையில் மேலே இருக்கும் பதிவை, அதே தொடக்கத்தோடு கீழே தட்டும்போது தானாக நிரப்பும். வெறும் எண்களுக்கு அது நடக்காது. எழுத்து மட்டும் இருந்தாலும், எழுத்தும் எண்ணும் கலந்திருந்தாலும் நடக்கும். ஆகவே வங்கிக் கணக்கு எண் தப்பிக்கும். படகுப் பதிவெண் தப்பாது. ராமேஸ்வரம் விசைப்படகுகளின் எண்கள் ‘ஐ.என்.டி. டி.என். 10 எம்.எம்.’ என்று ஒரேமாதிரி தொடங்கிக் கடைசி எண்ணில் மட்டும் வேறுபடுபவை. மேலே 746 என்று முடியும் படகு இருந்து, கீழே 74 என்று முடியும் படகைத் தட்டி என்டர் அழுத்தினால், பொருந்தும் பதிவு வேறு இல்லாதபோது, 746 என்றே விழும். ஒருவர் படகு இன்னொருவர் பெயருக்கு நேராகப் போய்விடும். பட்டியல் நூறு வரி நீண்ட பிறகு யார் கண்ணிலும் அது படாது. தட்டியதோடு நிறுத்த வேண்டுமென்றால் டெலீட் விசையை அழுத்திவிட்டுப் பிறகு என்டர் அழுத்தலாம். ஆனால் வரிக்கு வரி அதை நினைவில் வைத்திருப்பது நடக்காத காரியம். அட்வான்ஸ்ட் பக்கத்தில் கட்டங்களுக்கான ஆட்டோகம்ப்ளீட்டை அணைத்துவிட்டே பட்டியலைத் தொடங்குங்கள். எக்செல்லுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸில் இருக்கும் கால்க்கில் டூல்ஸ் பட்டியலில் ஆட்டோஇன்புட் என்ற குறியை எடுத்துவிட்டால் போதும். பெயர்ப் பட்டியல் விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது: அங்கே ஊகம் எந்த வடிவிலும் வேண்டாம்.

அமைப்புகளை எல்லாம் சரிசெய்த பிறகும், மனுவை அச்செடுக்கும் முன் பெயர், ஊர், தொழில், தேதி, படகு எண் ஆகியவற்றை மனுதாரருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போக வேண்டியவர் காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படுவார். அந்த அவசரத்திலும் இதை விட்டுவிடாதீர்கள். கீழே கையெழுத்திடுபவர் அவர். ‘மீனவர்கள்’, ‘அந்தோணியம்மாள்’ போன்ற முழுமையான, இலக்கணப் பிழையற்ற சொற்களை எந்தப் பிழைச் சோதனையும் பிடிக்காது. தன் பெயரும் ஊரும் தவறாகக் காதில் விழுந்தால் அவர் பிடித்துவிடுவார்.

மறுபடி நிறுவுவது பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதனால் பயன் இல்லை. சேர்ந்த சொற்களின் பட்டியல், லிப்ரே ஆபிஸை முழுவதுமாக மூடினாலே போய்விடும். அதற்காக மென்பொருளை நீக்க வேண்டியதில்லை. அமைப்புகளோ உங்கள் பயனர் கணக்கின் கோப்புறையில் தனியாக இருப்பவை. மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினாலும் பழைய அமைப்போடுதான் திறக்கும். எல்லாவற்றையும் முதல் நிலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஹெல்ப் பட்டியலில் சேஃப் மோடில் மறுதொடக்கம் செய்யும் வழி இருக்கிறது. அங்கே பயனர் அமைப்பைத் திருப்பிவைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் சம்மத விசை மறுபடி என்டராகிவிடும். நீங்கள் சேமித்த ஆட்டோடெக்ஸ்ட் சுருக்கங்களும் போய்விடலாம் என்பதால் அந்தக் கோப்புறையை முதலில் நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நோட்பேடு சோதனையைச் செய்து, விசையை எண்டுக்கு மாற்றி, ஆட்டோடெக்ஸ்ட் குறியையும் எடுத்த பிறகும் ‘கீழக்கரையில்’ விழுந்தால், ஹெல்ப் பட்டியலில் அபௌட் என்ற இடத்தில் தெரியும் பதிப்பு எண்ணையும் நீங்கள் தட்டும் விசைப்பலகையின் பெயரையும் எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு பார்க்கலாம்.